மூன்று படி ஏற ஒரு மூச்சு

கத்தரிக்கோல் இல்லாமல் எங்கள் மருந்துக்கடை ஒரு நாள்கூட ஓடாது.

மருந்து விற்கக் கத்தரிக்கோல் எதற்கு என்று கேட்பீர்கள். திரேஸ்புரம் கடற்கரைப் பக்கம் வந்து, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் என்னோடு நின்று பாருங்கள். முழு அட்டை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? 'ரெண்டு கட் பண்ணிக் குடுங்க', 'மூணு போதும் அண்ணாச்சி', 'காலைக்கு மட்டும் தாங்க'... டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதுகிறார். நான் இரண்டு நாளைக்கு வெட்டுகிறேன். எட்டாங்கிளாஸோடு நின்றவனுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. கத்தரிக்கோல் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை செல்வராணி வந்தார். அந்தோணியார் கோவிலுக்குப் போய்விட்டு நேராக எங்கள் கடைக்கு வருவது அவர் வழக்கம்.

"நாலு கட் பண்ணிக் குடுங்க அண்ணாச்சி."

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போட வேண்டிய மாத்திரை அது. நாலு என்றால் இரண்டு நாளைக்கு வரும். முந்தின செவ்வாயும் நாலுதான் வாங்கினார். அதற்கும் முந்தின செவ்வாயும் நாலு. அப்படியென்றால் மீதி ஐந்து நாள்? கேட்டுவிட்டேன்.

"அவுகளுக்கு இப்பம் நல்லாருக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒண்ணு போட்டாப் போதும்னு சொல்லிட்டாவ."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் எங்க சொன்னாரு? இவுகதான் சொல்லுதாவ."

இவுக என்றால் அவர் கணவர் மிக்கேல். வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். எங்கள் கடைக்கு மூன்று படி. அந்த மூன்று படிக்குப் பயந்துதான் அவர் எப்போதும் ஆட்டோவை விட்டு இறங்குவதில்லை. கொரோனா வந்து போனதில் நுரையீரல் இறுகிவிட்டது. இன்னும் இறுகாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. மற்ற மருந்தெல்லாம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடுகிறது. இது ஒன்றை மட்டும் வெளியே வாங்க வேண்டும். விலையும் இதற்குத்தான் அதிகம்.

கொரோனாவுக்கு முன்னால் மிக்கேல் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கடலுக்கு அடியில் போய்ச் சங்கு எடுக்கிற வேலை.

இப்போது எல்லோரும் கம்ப்ரஸர் வைத்து, குழாயில் காற்று வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். மிக்கேல் அதற்கும் முந்தின ஆள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் கீழே போய் வந்தவர். கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருப்பவர் கையில். கீழே மூச்சு முட்டினால் கயிற்றை ஆட்ட வேண்டும். மேலே இருப்பவர் உடனே இழுத்துவிடுவார். பின்னாளில் அவரும் ஒரு கம்ப்ரஸரும் வள்ளத்தில் ஒரு பங்கும் வாங்கினார். ஆனாலும் பேச்சு மட்டும் அந்தப் பழைய மூச்சைப் பற்றித்தான். "ரெண்டரை நிமிஷம்லே... கிளாக்க வச்சுப் பாரு" என்பார்.

அந்தக் கிளாக்கைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருஷப் பத்தியில் எதை எதையோ உங்களிடம் உளறியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. பயம்தான் காரணம்.

இரண்டாவது அலை வந்த மாதங்கள் ஞாபகம் இருக்கிறதா? நான் ரூபாய் நோட்டை அயர்ன் பாக்ஸால் தேய்த்துக் கல்லாவில் போட்டவன். தெருக்கோடியில் யாராவது இருமினால், யாரென்று எட்டிப் பார்த்து மனதில் குறித்துக்கொள்வேன். கடைக்கு முன்னால் ஒரு நைலான் கயிறு. வந்தவர்கள் எல்லாம் அதற்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும்.

அப்போது எல்லோரும் கேட்டது ஆக்ஸிமீட்டர். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுமே, அந்தச் சின்ன மெஷின். முதலில் அது ஒரு வாரத்துச் சம்பாத்தியத்தைக் கேட்டது. அப்புறம் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது பேர் கேட்பார்கள், ஐம்பது பேருக்கும் 'இல்லை' என்று சொல்ல வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் அது வந்தது. காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் குரூப்பில் போட்டிருந்தார். அவருக்குத் துபாயிலிருந்து வந்ததாம். துபாய்க்கு எங்கிருந்து வந்ததோ... 'மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள். இருபது செகண்ட் இருமாமல் பிடிக்க முடிந்தால் உங்கள் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை.'

காசில்லாத டெஸ்ட். எனக்கு அது தெய்வமே அனுப்பிய மாதிரி இருந்தது. மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, மார்க்கரால் பெரிதாக எழுதி, அந்த நைலான் கயிற்றிலேயே தொங்கவிட்டேன்.

வேறு எந்த ஊரில் தொங்கவிட்டிருந்தாலும் இவ்வளவு கெட்டுப் போயிருக்காது. இருபது செகண்ட் என்று நான் சவால் விட்டது யாரிடம்? சங்கு குளிக்கிறவர்களிடம்.

அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. காய்ச்சலோடு வருவார்கள், மூச்சைப் பிடிப்பார்கள், கடைக்குள் மாட்டியிருக்கிற கிளாக்கைப் பார்ப்பார்கள், ஜெயித்துவிட்டுப் பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரி டெஸ்ட்டுக்கு ஒருவரும் போகவில்லை.

ஒரு நாள் மிக்கேல் வந்தார். நாலு நாளாகக் காய்ச்சல். கண் சிவந்து கிடந்தது.

"அண்ணே, டெஸ்ட் எடுத்திருங்க" என்றேன்.

"இந்த போர்டை எழுதித் தொங்கப் போட்டது யாருலே? நீதானே? கிளாக்கப் பாரு டாக்டரு."

எட்டாங்கிளாஸ் டாக்டர் என்பது எனக்கு அவர் வைத்த பட்டம். மூச்சை இழுத்தார், பிடித்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு வேடிக்கை.

"அண்ணாச்சி, நீங்க கடையச் சாத்திட்டுப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. இவரு மூச்ச விட நேரமாகும்" என்றார் ஒருவர்.

ஒரு நிமிஷம் பத்து செகண்ட். எல்லோரும் கை தட்டினோம்.

"நுரையீரல்ல நோக்காடு இருந்தா இம்புட்டு நேரம் பிடிக்க முடியுமால?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு நடந்தார் மிக்கேல்.

முடியாதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், அன்றைக்கு ஒரு நாள் பயப்படவில்லை. வயிறாரச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். எங்குமே பெட் இல்லாத நேரம். கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, முன்பணம் கட்டிய பிறகுதான் உள்ளே எடுத்தது. விரலில் மெஷினை மாட்டிப் பார்த்த டாக்டர், "இந்த அளவுல நேத்து வரைக்கும் எப்படி நடமாடுனாரு?" என்று கேட்டாராம். சங்கு குளிக்கிறவர் என்று சொன்னதும் அவரே பதிலும் சொல்லியிருக்கிறார். "மூச்சு முட்டினா நாம பதறுவோம். அந்தப் பதற்றம்தான் நம்மை ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும். இவர் அதை அடக்கியே பழகினவர்."

ஆள் பிழைத்துவிட்டார். கம்ப்ரஸர் போயிற்று. வள்ளத்தில் இருந்த பங்கு போயிற்று. செல்வராணியின் சங்கிலி போயிற்று. அதற்குப் பிறகு அந்தம்மா தலையில் மீன் கூடை ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

அந்த போர்டை அன்றைக்கே கிழித்து அடுப்பில் போட்டேன். எரித்தால் போய்விடுமா? செல்வராணி 'நாலு' என்று கேட்கிற ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அது என் கண் முன்னால் தொங்குகிறது. அதனால்தான் இந்தத் தடவை கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

"வெட்ட மாட்டேன். முழு அட்டை வாங்குங்க. இல்லன்னா அண்ணன இங்க வந்து சொல்லச் சொல்லுங்க, நல்லாருக்குன்னு."

பயந்தவன் குரல் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும். ஆட்டோ வரைக்கும் கேட்டுவிட்டது.

மிக்கேல் இறங்கினார். ஒரு படி. இரண்டாவது படி. மூன்று. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. நேராக வந்து கவுன்ட்டர் முன்னால் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"பாத்தியளா? நான் சொன்னேன்லா?" செல்வராணி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று...

என் கையே தானாகக் கத்தரிக்கோல் பக்கம் போய்விட்டது.

அப்போதுதான் கவனித்தேன். அவர் சட்டை அசையவில்லை. மூன்று படி ஏறி வந்த மனுஷனுக்கு நெஞ்சு ஏறி இறங்க வேண்டாமா? எனக்கே ஏறி இறங்குமே. அவர் சட்டைப் பை, ஆணியில் மாட்டி வைத்த மாதிரி அப்படியே இருந்தது.

"அண்ணே, ஒரு வார்த்தை பேசுங்க."

கையை உயர்த்தினார், பொறு என்கிற மாதிரி. சிரிப்பு மாறவில்லை.

"பேசுங்கண்ணே."

என் கண் என்னையறியாமல் மேலே போனது. அதே கிளாக்.

இருபது செகண்ட்கூட இல்லை. உடைந்துவிட்டார். இருமல் ஆளையே வளைத்துப் போட்டது. கவுன்ட்டரைப் பிடிக்கப் போய், அங்கே அடுக்கியிருந்த பாட்டில் இரண்டு உருண்டன. நானும் செல்வராணியும் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தோம். மூச்சு வருவதற்கு வெகுநேரம் ஆனது.

"அன்னைக்கும் நான்தான் உங்களக் கெடுத்தேன். அந்த போர்டை நான் எழுதியிருக்கக் கூடாது" என்றேன். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது, அப்படியே வந்துவிட்டது.

அவர் தலையை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"உன் போர்டுனால ஒண்ணுமில்லலே... ரெண்டரை நிமிஷம் பிடிக்கிறவன்... அன்னைக்கு ஒரு நிமிஷம் பத்து. பாதிகூட இல்ல. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா...?"

"அதுக்கு முந்துன வாரம்தான் பக்கத்து வீட்டு ராயப்பன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. வள்ளம் போச்சு. நகை போச்சு. அவனும் போனான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கயித்த ஆட்டினா மேல தூக்கிருவாவ டாக்டரு. தூக்கி எங்கன போடுவாவ? அந்த ஆஸ்பத்திரி வாசல்லதான... அதான் ஆட்டல."

கை தட்டினோமே நாங்கள். அத்தனை பேர் நின்று கை தட்டினோமே.

செல்வராணிக்கும் இது அன்றுதான் தெரியும். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு, மீன் விலை சொல்கிற அதே குரலில் கேட்டார்.

"வள்ளத்தையும் சங்கிலியையும் காப்பாத்தவா மூச்சப் பிடிச்சிக்கிட்டு நின்னீரு? அது ரெண்டுமே போச்சு. மிச்சம் நீரு ஒரு ஆளுதான். உம்மையும் நான் நாலு நாலாக் கட் பண்ணித்தான் வாங்கணுமா?"

செல்வராணி என் பக்கம் திரும்பினார்.

"முழு அட்டையாக் குடுங்க அண்ணாச்சி."

கொடுத்தேன். படியில் இறங்கும்போது மனைவி தோளில் கை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று, சத்தமாக மூச்சு வாங்கிக்கொண்டுதான் இறங்கினார். யாருக்கும் ஒளிக்கவில்லை. அந்தச் சத்தம் காதுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள்.

அட்டையில் பத்து மாத்திரை. ஐந்து நாள் வரும். ஆறாவது நாளுக்கு என்ன வழி என்று அவருக்கும் தெரியாது, அவர் மனைவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த ஆறாவது நாள் வந்து போயிருக்கும். நான் படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கொரோனா எப்போதோ போய்விட்டது என்கிறார்கள். முகக்கவசத்தைக் கழற்றினோம், நைலான் கயிற்றை அவிழ்த்தோம், எல்லாம் சரி. ஆனால் நோயை வெளியே சொன்னால் வீடு போய்விடும் என்கிற பயம் இருக்கிறதே, அது இன்னும் எங்கள் கடைக்கு முன்னால் வரிசையில்தான் நிற்கிறது, சிரித்த முகத்தோடு.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர், 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். அதோடு விட்டுவிடாதீர்கள் — ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.