வேற கையில காட்டுங்க

முடிச்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் கவரிங் வளையல் விற்றேன். கடை என்று எதுவும் கிடையாது. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் மெரூன் நிற வெல்வெட் துணி, எதிரே ஸ்டாண்டில் செல்போன். சனி, ஞாயிறு மதியம், ஊரே சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில் லைவ் போடுவேன். ஒவ்வொரு செட்டாகக் கையில் ஏற்றித் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். பிடித்தவர்கள் கமென்ட்டில் அளவைப் போட்டு "எனக்கு" என்று எழுதினால் அது அவர்களுக்கு. மறுநாள் பேக் செய்து கூரியரில் போட்டுவிடுவேன்.

வளையலைப் பெட்டியில் வைத்துப் படமெடுத்துப் போட்டால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கையில் போட்டு லேசாக ஆட்ட வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். அதனால் இந்தத் தொழிலுக்கு முதலில் வேண்டியது ஒரு கை.

என் வலது கையில் வெண்புள்ளி இருந்தது. மகள் பிறந்து சில வருடம் கழித்து மணிக்கட்டில் சோளப்பொரி அளவுக்கு ஆரம்பித்து விரல்கள் வரைக்கும் வந்துவிட்டது. தாம்பரத்தில் தோல் டாக்டரிடம் காட்டியபோது, இது தொத்தாது, உடம்புக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை என்றார். முதலில் இடது கையிலேயே எல்லாவற்றையும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இடது கையிலும் ஆரம்பித்தது. தோல் நிறத்தில் விற்கிற க்ரீமை இரண்டு கையிலும் பூசிக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன்.

என் லைவுக்கு ஒன்று விடாமல் வருகிற ஒரு அம்மா இருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு. வங்கியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். ஆரம்பம் முதல் கடைசி வரை இருந்து பார்ப்பார், வாங்குவார், வாங்கியதில் ஒன்றைக் கல் ஆடுகிறது என்று திருப்பி அனுப்புவார். நடுநடுவே அறிவுரை எழுதுவார். எல்லாமே "தப்பா எடுத்துக்காதம்மா" என்றுதான் தொடங்கும்.

"தப்பா எடுத்துக்காதம்மா, வாக்கியத்துக்கு வாக்கியம் ஓகேங்களா ஓகேங்களான்னு கேக்காத. படிச்சவங்களும் பாக்கறாங்க."

"தப்பா எடுத்துக்காதம்மா, அந்த நைட்டி மேல துப்பட்டா வேண்டாம். ஒரு நல்ல காட்டன் புடவை கட்டு."

எத்தனையோ பேர் பார்க்கிற இடத்தில் இதை எழுதுவார். காது சுடும். சிரித்துக்கொண்டே "சரிம்மா" என்பேன். இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. புடவை கட்டிய வாரம் விற்பனை கூடியது. ஓகேங்களாவை விட்ட பிறகு அண்ணா நகர், அடையாறு பக்கமிருந்து ஆர்டர் வந்தது. அவர் வாயை மூட வேண்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, அடுத்து என்ன சொல்வார் என்று காத்திருக்கவும் செய்தேன்.

ஒரு கத்திரி வெயில் மதியம் லைவில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. போனில் சார்ஜ் இருந்ததால் நிறுத்தவில்லை. வேர்த்துக் கொட்டியது. ஒரு செட் எனக்கு இறுக்கமான அளவு. ஏறிவிட்டது, கழற்ற வரவில்லை. பேசிக்கொண்டே முறுக்கி இழுத்தேன். வளையல் கழன்று வந்தபோது க்ரீமும் கூடவே வழித்துக்கொண்டு வந்துவிட்டது. வெல்வெட் துணியில் தோல் நிறத்தில் ஒரு தீற்றல். ஜன்னல் வெளிச்சம் நேராக என் கைமேல் விழுந்துகொண்டிருந்தது.

முதல் கமென்ட் அந்த அம்மாவுடையது. "கையில என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லம்மா, அலர்ஜி" என்றேன்.

"அலர்ஜி இப்படி இருக்காது. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இருந்துச்சு. இது வெண்குஷ்டம்."

அந்த வார்த்தை திரையில் ஏறியதும் மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். பாவம் என்றார் ஒருவர். மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டீர்களா என்றார் இன்னொருவர். "நீங்க போட்டுக் காட்டுனதையேதான் எங்களுக்கு அனுப்புவீங்களா அக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் எனக்குப் பழைய வாடிக்கை, தன் சீமந்தத்துக்கு என்னிடம்தான் வளையல் வாங்கினாள். தொத்தாது, டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று பதில் வந்தது. அதன்பின் வரிசையாக ஒவ்வொருவரும், எடுத்துவைக்கச் சொன்ன செட் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். யாரோ ஒருவர் மட்டும், "டிசைன் நல்லா இருக்கு. வேற கையில காட்டுங்க" என்று எழுதினார்.

லைவை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் மிச்சமிருந்த க்ரீமைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் காலை அந்த அம்மா போனில் கூப்பிட்டார். பார்சலில் இருக்கும் என் எண்ணில் அதுவரை அவர் கூப்பிட்டதே இல்லை.

"நேத்து நான் கேட்டிருக்கக் கூடாதோன்னு தோணுச்சு. ஆனா நான் கேக்கலைன்னா வேற யாராவது கேட்டிருப்பாங்க."

வெல்வெட் துணியில் காய்ந்திருந்த தீற்றலை நகத்தால் சுரண்டினேன்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் குரல் நல்லா இருக்கு, செலக்ஷன் நல்லா இருக்கு. கையை மட்டும் காட்டாத. உங்க வீட்ல வேற நல்ல கை எதுவும் இல்லையா?"

இருந்தது. என் மகள் காட்டாங்குளத்தூரில் கல்லூரி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த நீண்ட விரல்கள், எந்த வளையலும் வழுக்கிக்கொண்டு ஏறும். நான் கேட்கும் முன்னரே அவளே, "நான் போட்டுக் காட்டறேன்மா, நீ பின்னாடி நின்னு பேசு" என்றாள். என் கணவர், "வியாபாரம்தானே, யார் கையா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

முந்தின வாரம் வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் அந்த வாரம் திரும்பி வந்தார்கள். "கை சூப்பர்", "எந்தப் பார்லர்", "இந்தக் கைக்கு எதுவும் எடுக்கும்." செல்போனுக்குப் பின்னால் நின்று நான் விலை சொன்னேன். கொண்டுவந்த சரக்கு அன்றைக்கே காலியானது.

சில வாரம் கழித்து அந்த அம்மா நேரிலேயே வந்துவிட்டார். கல் ஆடுகிற ஜோடி ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டுமாம், கூரியரில் அனுப்பினால் நசுங்கிவிடுமாம். ஆட்டோவை வாசலில் நிற்க வைத்துவிட்டு, முடிச்சூர் ரோட்டைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம், பருத்திப் புடவை, நெற்றியில் மெல்லிய விபூதிக்கீற்று. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி மேசைமேல் வைத்தார், வாயில் வைக்கவில்லை.

அந்த நேரம் மகள் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

"இதுதான் அந்தக் கையா? வாம்மா இங்க" என்றார். அவளைப் பக்கத்தில் நிறுத்தி, கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். மணிக்கட்டைப் பார்த்தார். விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். சுடிதார் கையை மேலேற்றி முழங்கையைப் பார்த்தார். காய் வாங்குகிறவர் சொத்தை பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார். மகள் அசையாமல் நின்றாள்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. உங்க அம்மாவுக்கு எந்த வயசுல வந்துச்சு?"

மகள் என்னைப் பார்த்தாள். "இருபத்தெட்டு" என்றேன்.

"அப்ப டைம் இருக்கு" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதம்மா. இவ உன் பொண்ணுன்னு லைவ்ல சொல்லாத. நாளைக்கு வரன் பாக்கறவங்க எல்லாத்தையும் தேடிப் பாப்பாங்க. அம்மாவுக்கு இப்படின்னு தெரிஞ்சா வாசல்படி ஏற மாட்டாங்க. எனக்கு ஒரு பொண்ணு இருந்து அவகிட்ட சொல்ற மாதிரி சொல்றேன்."

வாசலில் ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். "இன்னா மா, எவ்ளோ நேரம்? வெயில்ல நின்னுகினு கீறேன்."

அந்த அம்மா எழுந்தார். நான் தலையை ஆட்டினேன். சரி என்றா, போய் வாருங்கள் என்றா, எனக்கே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லைவில் மகள் கெம்பு வளையலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த யாரோ, "கை யாரோடது? உங்க பொண்ணா அக்கா?" என்று என்னைக் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் படிப்பதற்குள் மகள் படித்துவிட்டாள்.

"இல்லைங்க. நான் பக்கத்து வீடு. அக்காவுக்குச் சும்மா ஹெல்ப் பண்றேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் கை ஆடிக்கொண்டேதான் இருந்தது, வளையல் சத்தமும் நிற்கவில்லை. அந்த அம்மா கமென்ட்டில் ஒரு கட்டைவிரல் படம் போட்டார். நான், "அடுத்து முத்து வளையல், டூ ஃபோர், டூ சிக்ஸ் ரெண்டு அளவும் இருக்கு" என்றேன்.

லைவ் முடிந்ததும் வளையல்களை அடுக்கிக்கொண்டே கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்னே?"

"அந்த ஆன்ட்டி சொன்னப்ப நீதானேம்மா தலையாட்டினே."

"அதுக்காக, பக்கத்து வீடா?"

அவள் கையில் மிச்சமிருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். "எனக்கு வராதுன்னு நீ சொல்லு. அடுத்த லைவ்ல நீதான் எங்க அம்மான்னு சொல்றேன்."

சிலருக்கு வரும், பலருக்கு வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் காலையில் ஜன்னலோரம் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். அந்த அம்மா பார்த்த அதே வரிசையில்: மணிக்கட்டு, விரலிடுக்கு, முழங்கை.

எனக்கு வெறி மாதிரி வந்தது. அடுத்த சனிக்கிழமை அவளைக் கூப்பிடவில்லை. க்ரீமும் பூசவில்லை. இரண்டு கையையும் வெல்வெட் துணிமேல் வைத்துக்கொண்டு லைவைத் தொடங்கினேன்.

"ஏம்மா இப்படிப் பண்றே? அந்தப் பொண்ணு எங்க?" என்று அந்த அம்மா எழுதினார்.

"அம்மா, உங்களுக்கு வளையல் வேணும்னா சொல்லுங்க. இல்லைன்னா மத்தவங்க பாக்கட்டும், விடுங்க" என்றேன்.

அந்த அம்மாவிடமிருந்து பதில் நீளமாக வந்தது. நல்லது சொன்னால் இந்தக் காலத்தில் யாருக்கும் பிடிப்பதில்லை, வியாபாரம் செய்ய வந்தவளுக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது, இந்தக் கையைப் பார்த்த பிறகும் முகம் சுளிக்காமல் வீடு தேடி வந்தவள் நான் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகப் பலர், "ஆன்ட்டி சொல்றது கரெக்ட்", "அவங்க உங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க" என்று எழுதினார்கள். ஒருத்தரும் "எனக்கு" என்று எழுதவில்லை. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை என் கண்முன்னே இறங்கியது. கடைசியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என் கணவர், கம்பெனி கேன்டீனிலிருந்து.

பிடிவாதமாக இரண்டு மாதம் அப்படியே போட்டேன். பரண் முழுக்கப் பெட்டி நின்றது. ஒருநாள் மகள் கேட்டாள். "ஸ்டாக்கை நான் வித்துத் தரட்டுமாம்மா? வேற பேர்ல, வேற பேஜ்ல."

அவள் கெஞ்சவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. கணக்கு ஒன்றை நேர் செய்வது போலக் கேட்டாள். சரி என்றேன்.

அவள் புதுப் பேஜ் தொடங்கிய வாரமே பரண் காலியானது. முதல் ஆர்டர் போட்டது ராஜகீழ்ப்பாக்கத்து அம்மாதான். இப்போது அறிவுரை அவளுக்குப் போகிறது. நகத்தை இன்னும் குட்டையாக வெட்டு, மருதாணி வைத்துக்கொண்டு காட்டு, முகத்தையும் கொஞ்சம் காட்டலாமே, வரன் தேடுபவர்கள் கண்ணிலும் படும். அவள் எல்லாவற்றுக்கும் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று எழுதுகிறாள். என்னைப்போல மனதுக்குள் திட்டுகிறாளா என்று கேட்டதில்லை.

நான் பாரிமுனை போய்ச் சரக்கு எடுத்து வருகிறேன். அங்கே மொத்தக் கடைக்காரர்கள் வளையலை என் கையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அவர்களுக்கு அடுத்த ஆளைக் கவனிக்கிற அவசரம். வீட்டில் பேக்கிங் என்னுடையது. மகள் லைவில் இருக்கும்போது நான் சமையலறையில் இருப்பேன். விசில் சத்தம் கேட்கும் என்று குக்கர் வைப்பதில்லை. அவள்மேல் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். சில நாள் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒட்டுகிறேன்.

தீபாவளிக்கு முன் அந்த அம்மா மறுபடி வந்தார். நான் உள்ளறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன், கதவு ஒருக்களித்திருந்தது.

"அம்மாவுக்கு எப்படி இருக்கு? பரவிடுச்சா?" என்று கேட்டார்.

"கழுத்துல கொஞ்சம் வந்திருக்கு ஆன்ட்டி" என்றாள் மகள்.

"ஒரு எண்ணெய் இருக்கு. எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தருக்குக் கேட்டுச்சு. வாங்கிக் கொடு. நாளைக்கு உனக்கே தேவைப்படலாம்."

மகள் அந்த எண்ணெயின் பெயரைக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். இரண்டு பாட்டில் வந்தது. ஒன்றை என் தலைமாட்டில் வைத்தாள், இன்னொன்றைத் தன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருப்பதைத் துணி மடித்து வைக்கப்போனபோது பார்த்தேன். மூடி திறந்திருந்தது.

தினமும் காலேஜ் கிளம்பும்போது கேட்பாள். "எண்ணெய் தேய்ச்சியாம்மா?"

"தேய்ச்சேன்" என்பேன். நான் அவளைத் திருப்பிக் கேட்பதில்லை.