தொட்டி கழுவும் பந்து

என் வீட்டுக்காரர் காலையில் பல் விளக்குவது இருக்கிறதே, அது தெருவுக்கே தெரிந்த சங்கதி. வாசல் குழாயடியில் நின்று பல்லை விளக்குவார், நாக்கை வழிப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. தொண்டைக்குள் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்தே தீருவேன் என்று ஒரு காறு காறுவார் பாருங்கள், எதிர் வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். "ஏங்க, கொஞ்சம் மெதுவாக் காறினா என்னவாம்? அக்கம்பக்கத்துல மனுசன் காப்பி குடிக்க வேணாமா?" என்று கல்யாணமான வாரத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருடமாகிவிட்டது. காதில் வாங்கினால்தானே!

சுத்தம், சுத்தம் என்று அலைகிற மனுஷன். சிம்மக்கல் கடைத்தெருவுக்கு ஒரு வேலையாகப் போனால் கையில் ஏதாவது தேய்க்கிற சாமானோ துடைக்கிற சாமானோ இல்லாமல் திரும்ப மாட்டார். மிதித்தால் சுற்றுகிற வாளியோடு ஒரு மாப்பு வாங்கி வந்தார். மூன்றே மாதத்தில் மிதிகட்டை உடைந்துபோய், அந்த வாளியில் இப்போது வெங்காயம் கிடக்கிறது. ஜன்னல் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் துடைக்கிற காந்தக் கட்டை ஒன்று வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. மரச் சட்டமும் கம்பியும்தான். கேட்டால், "இருக்கட்டும் புள்ள, நாளைக்கு வீடு கட்டுனா ஒதவும்" என்றார். அது பீரோக் கதவில் போய் ஒட்டிக்கொண்டது. பிடுங்க முடியாமல் அதில்தான் சாவிக்கொத்து மாட்டியிருக்கிறேன்.

கடைசியாக வந்தது பேட்டரியில் ஓடுகிற பல் பிரஷ். பொத்தானை அமுக்கினால் ர்ர்ர் என்று வாய்க்குள் வண்டு புகுந்த மாதிரி சத்தம் போடும். அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, சட்டைப் பையில் செருகி, வேலைக்கும் எடுத்துக்கொண்டு போவார். மதியச் சோறு சாப்பிட்டபின் அங்கேயும் ஒரு தடவை ர்ர்ர். சக வேலைக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

இப்படிப்பட்ட மனுஷன் வேலைக்குப் போன இடத்தில் எதை வைத்துச் சுத்தம் செய்தார் தெரியுமா? தேங்காய் நாரையும் ஒரு சுரண்டியையும் வைத்து.

நாங்கள் இரண்டு பேருமே கப்பலூரில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். டேங்கர் லாரியில் வருகிற கடலை எண்ணெயைத் தொட்டிகளில் இறக்கி வைத்து, பாக்கெட் போட்டு அனுப்புகிற கம்பெனி. நான் பாக்கெட் போடுகிற பக்கம், அவர் தொட்டிப் பக்கம். மாடி வீடு உயரத்துக்கு மூன்று தொட்டிகள் நிற்கும். எண்ணெய் தீர்ந்ததும் அடியில் கசண்டு படிந்திருக்கும். கறுப்பாக, பிசுபிசுவென்று, கிட்டப் போனாலே குடலைப் பிரட்டுகிற ஒரு நாற்றம். வருடா வருடம் ஆயுத பூசைக்கு முன்னால் அதைச் சுரண்டிக் கழுவ வேண்டும். உச்சியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு வாசல் உண்டு. அது வழியாக இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏணியில் உள்ளே இறங்குவார்கள்.

இறங்குவார்கள் என்றால் யார்? இவர்தான். வேறு ஒருவரையும் விட மாட்டார். "நான் கழுவுன தொட்டியில மொகம் பாத்துத் தலை சீவலாம்" என்று ஒரு பெருமை. உள்ளே இருக்கும்போது அவ்வப்போது சுரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். நல்லபடியாக இருக்கிறேன் என்று அர்த்தம். மேலே கயிற்றைப் பிடித்திருக்கிறவர் திருப்பி இரண்டு தட்டு தட்டுவார். பாக்கெட் மிஷின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த டங் டங் எனக்கு மட்டும் தனியாகக் கேட்கும். கை வேலையில் இருக்கும், காது தொட்டியில் இருக்கும்.

போன வருடம் தொட்டி கழுவும்போது அந்தச் சத்தம் நின்றுபோனது. மேலே இருந்தவர் தட்டுகிறார், தட்டுகிறார், பதில் இல்லை. கயிற்றைப் பிடித்து நாலு பேர் இழுத்து வெளியே போட்டார்கள். உடம்பெல்லாம் கசண்டு. கண் செருகிக் கிடந்தார். கசண்டு புளித்துப் போனதில் தொட்டிக்குள் காற்றே இல்லையாம். பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் மூச்சுக்கு ட்யூப் வைத்திருந்தார்கள். "இனிமே இவரு எந்தத் தொட்டிக்குள்ளயும் எறங்கக் கூடாதும்மா. இன்னொரு தடவை ஆச்சுன்னா நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார். துணி எடுக்க வீட்டுக்கு வருவேன். காலையில் குழாயடியில் ஒரு சத்தமும் இருக்காது. எதிர் வீட்டு நாய் படுத்த இடத்திலேயே படுத்திருக்கும்.

பிழைத்து வந்தவர் திருந்தினாரா? திருந்தவில்லை. "அன்னைக்கு வெறும் வயித்தோட எறங்கிட்டேன், அதான்" என்றார். வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த கரண்டியை வீசியே விட்டேன். அது போய்ப் பீரோவில் காந்தக் கட்டையில் ஒட்டிக்கொண்டது.

இவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று முதலாளியைப் பிடித்தேன். சின்ன வயசுக்காரர், இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆள் இறங்காமலே தொட்டி கழுவுகிற மிஷின் இருக்கிறது என்று போனில் யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டி, பார்க்கிற நேரமெல்லாம் நச்சரித்தேன். "வாங்கலாங்க்கா, வாங்கலாங்க்கா" என்று பத்து மாதம் ஓட்டினார். "இந்த வருசம் அவரு எறங்குனா நானும் கூடவே எறங்குவேன் தம்பி, ரெண்டு கயிறா வாங்கி வைங்க" என்ற பிறகுதான் மிஷின் வந்தது.

தேங்காய் அளவுக்கு ஒரு ஸ்டீல் பந்து. மேலெல்லாம் பொடிப் பொடியாக ஓட்டை. ஒரு குழாயில் மாட்டி உச்சி வாசல் வழியாகத் தொங்கவிட்டு, சோப்புப் போட்ட வெந்நீரை மோட்டாரில் அடித்தால், அது தானே சுழன்று நாலாபக்கமும் பீய்ச்சியடிக்கும். அவ்வளவுதான். இவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஷினுக்கு மூக்கு இருக்கா? கசண்டு வாடை போயிருச்சான்னு மோந்து பாக்குமா?" என்றார். அவருடைய மூக்கு ஆஸ்பத்திரியில் ட்யூபோடு கிடந்த லட்சணத்தை நான் அந்த இடத்திலேயே ஞாபகப்படுத்தி, இனி இறங்க மாட்டேன் என்று சத்தியமும் வாங்கினேன்.

மிஷின் வந்து சேர்ந்தது பூசைக்கு இரண்டு நாள் முன்னால். புதுச் சாமானைப் பூசை போடாமல் ஓட்டக் கூடாது என்று முதலாளியின் அம்மா சொல்லிவிட்டார்கள். சரி, இந்த வருடம் மட்டும் பூசை முடிந்து, விஜயதசமியன்று காலையில் தொட்டி கழுவலாம், மதியம் லாரி எண்ணெயோடு வந்துவிடும் என்று முடிவானது. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அழுக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் சூடம் காட்டுவதா என்று அவருக்கு வருத்தம்.

எல்லாச் சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலை பெண்களுக்கு. மோட்டார், தராசு, ஸ்பேனர், சுவிட்ச் பெட்டி, ஏணி, எல்லாவற்றுக்கும் வைத்தோம். அந்தப் பந்தை மட்டும் நான் யாரையும் தொட விடவில்லை. என் புருஷனைக் காப்பாற்ற வந்த சாமி இல்லையா அது! தண்ணீர் தெளித்துத் துடைத்து, பட்டுத் துணியில் உட்கார வைத்து, நானே பொட்டு வைத்தேன். மனசு நிறைந்து கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

மறுநாள் காலையில் முதலாளி சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. பந்து அசையவே இல்லை. ஒரு பக்கமாக ஏதோ நாலு சொட்டு ஒழுகியது, அவ்வளவுதான். நிறுத்தி மறுபடி போட்டார்கள். மோட்டார் இன்னும் அதிகமாக உறுமி, குழாய் மூட்டு விட்டு எல்லார் மேலும் வெந்நீர் தெறித்தது. விற்ற ஆளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. விஜயதசமியன்று யார் எடுப்பார்கள்? பத்து மணிக்கு டிரைவர் போன் செய்தார். லாரி விருதுநகரைத் தாண்டிவிட்டதாம்.

"சொன்னேன்ல?" என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு சந்தோஷம்! சட்டையைக் கழற்றி, தொட்டிக்கு வெளியே உச்சிக்கு ஏறுகிற ஏணிக் கம்பியில் போட்டார். "கயித்த எடுங்கப்பா. ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு வாரேன்."

"அண்ணே, வேணாம்ணே" என்றார் முதலாளி. வேணாம் என்று சொன்னாரே தவிர, கயிற்றைக் கொண்டுவந்தவரை அவர் தடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? எங்கிட்ட என்ன சத்தியம் பண்ணுனீக?" என்று கத்தினேன். "மிஷின் இருந்தா எறங்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணுனேன். மிஷின்தான் செத்துப்போச்சுல்ல?" என்றார். சொல்லிவிட்டு இடுப்பில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

அதற்குள் பந்தை மேலே இழுத்துக் கீழே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். எட்டி உதைக்கலாம் என்றுதான் நான் அதன் பக்கத்தில் போனேன். அடியிலிருந்து ரத்தம் மாதிரி சிவப்பாக ஒரு கோடு ஒழுகிக்கொண்டிருந்தது. குங்குமம்.

அடி ஆத்தி! முந்தின நாள் நான் வைத்த பொட்டு! வழுவழு ஸ்டீலில் சந்தனம் நிற்காமல் வழுக்கியது. ஓட்டை இருந்த இடத்தில் மட்டும்தான் ஒட்டி நின்றது. அதனால் நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்து, விரலால் அழுத்தி அழுத்தி வைத்தேன். ஒரு ஓட்டை விடவில்லை. பந்து சுழல்கிற கழுத்து இடுக்கிலும் சுற்றிவரப் பட்டை போட்டேன். ராத்திரி முழுக்கக் காய்ந்து கல்லாகிவிட்டது. காலையிலிருந்து பத்துப் பேர் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பூசைப் பொட்டைக் கழுவ வேண்டும் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றாது. எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது.

வாயை மூடிக்கொண்டு நானே துடைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது நிஜம். ஆனால் அவர் அதற்குள் ஏணியில் நாலாவது படி ஏறியிருந்தார்.

"எறங்குங்க கீழ!" என்று போட்ட சத்தத்தில் வாசல் வாட்ச்மேன் ஓடி வந்தார். "மிஷின் சாகல. நாந்தான் கொன்னேன். அம்புட்டு ஓட்டையையும் நாந்தான் பொட்டு வச்சு அடைச்சேன்."

பாக்கெட் பக்கத்தில் ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தில் செத்துப்போனேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏணியில் நின்றபடி என்னையே பார்த்தார்.

ஊசியால் குத்தினால் சந்தனம் உள்ளேதான் போனது. துணிக்கு அந்த ஓட்டை எட்டவில்லை. நான் ஏணிக் கம்பியில் கிடந்த அவர் சட்டையை எடுத்து, பையிலிருந்து கண்ணாடிக்கூட்டை உருவினேன்.

"ஏ புள்ள, அது என் பிரஷ்ஷு!" என்று படபடவென்று இறங்கி வந்தார். ஒரு வருடமாக நான் கெஞ்சியும் பிடிவாதத்திலிருந்து இறங்காத மனுஷன், பல் பிரஷ்ஷுக்காக இறங்கினார். பொத்தானை அமுக்கினேன். ர்ர்ர். ஓட்டை ஓட்டையாக வைத்துத் தேய்க்கத் தேய்க்க மஞ்சளும் சிவப்புமாகச் சேறு கக்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "தள்ளு. அப்பிடி அமுக்குனா மயிரு வளைஞ்சிரும். சாய்ச்சுப் பிடிக்கணும்" என்று பிடுங்கிக்கொண்டு, கழுத்து இடுக்கை அவரே தேய்த்தார். இடுப்பில் கயிறு அப்படியே இருந்தது. பாதியில் பிரஷ் முனகி நின்றுவிட்டது. மிச்சத்தைக் கையாலேயே தேய்த்து முடித்தார்.

மறுபடி மாட்டித் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டார்கள். உள்ளே மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. தொட்டி முழுக்க அதிர்ந்தது. அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார். பழக்க தோஷம், கையிலிருந்த சுரண்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"உள்ள யாரு இருக்கான்னு தட்டுறீக?" என்றேன்.

அவர் சுரண்டியைக் கீழே வைத்தார். "யாரும் இல்லைல்ல" என்றார். நான் சட்டையை நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் குழாயடியில் நின்று விரலில் பல்பொடி வைத்து விளக்கிக்கொண்டே, "பூசை போட்டு ஒரு மிஷினக் கொன்ன, பல்லு வெளக்காமலே ஒரு பிரஷ்ஷக் கொன்ன" என்று புலம்பினார். அப்புறம் ஆரம்பித்தார். அடித்தொண்டையிலிருந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி அந்தக் காறல். எதிர் வீட்டு நாய் எழுந்து இடம் மாறியது.

மெதுவாகக் காறுங்கள் என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அடுப்படியில் கையில் தீப்பெட்டியோடு நின்று, அவர் காறி முடிக்கும்வரை முழுசாகக் கேட்டேன். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.