பியூலாவின் மூன்று வாக்கியங்கள்

ஆர்தருக்குச் சவரம் செய்வது இப்போது பியூலாவின் வேலை. வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவரைத் தலையணையில் சாய்த்து, கழுத்தில் ஒரு பழைய துண்டைக் கட்டி, மாங்காய்த் தோல் சீவுகிற கவனத்தோடு சீவுவாள். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போனதோடு பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிச்சம்: நக்கோ. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கண்டோன்மென்ட் வேலைக்கு வந்து, நான்கு தலைமுறையாக மாரெட்பள்ளியில் இருக்கிற குடும்பம். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாம் பேசிய மனிதருக்கு, வேண்டாம் என்கிற இந்த ஒரு ஹைதராபாத் சொல்தான் நின்றது.

"நாப்பது வருசமா அவுக வீட்டுல சொன்னதும் அது ஒண்ணுதான் டாக்டர்," என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாள் பியூலா. "பெரிய வித்தியாசம் தெரியல."

"நக்கோ," என்றார் ஆர்தர் இன்றும், ரேசரைப் பார்த்து.

"ஆட்டாதீக. நாலு மணிக்கு ஆளுக வாராங்க. காது போயிரும்."

வரப்போகிறவர்கள் சபையின் சந்திப்புக் குழு. நோயாளி வீடு, சாவு வீடு, வேலை போன வீடு என்று வியாழன்தோறும் போய் ஜெபித்து ஆறுதல் சொல்லும் பெண்கள். ஆர்தர் படுக்கும்வரை அதற்கு இருபத்திரண்டு வருடம் தலைவி பியூலாதான். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தவள். 'லைனில் இருங்கள்' என்று அவள் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ஒரு மணி நேரம்கூட இருப்பார், அப்படிப்பட்ட குரல். அந்தக் குரலில் மூன்று வாக்கியங்கள் வைத்திருந்தாள். தைரியமா இருங்க. உங்களை ஜெபத்துல வச்சிருக்கோம். மூன்றாவதைக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான், இப்பப் புரியாது, பிறகு புரியும்.

சொல்லி முடித்ததும் எல்லா வீட்டிலும் டீ வரும். "ஒண்ணும் வேண்டாம்மா, தண்ணி போதும்" என்று மறக்காமல் சொல்லிவிடுவாள். அப்படியும் டீ வந்ததால், அது தானாக வருகிறது என்றே நினைத்திருந்தாள். இப்போது அவள் வீட்டுக்கு ஏழு பேர் வந்து தண்ணீர் போதும் என்கிறார்கள். டீ தானாக வரவில்லை. ஆர்தரின் படுக்கைத் துணியைச் சோப்பில் ஊறப்போட்டுவிட்டு, அதே கையைக் கழுவிக்கொண்டு அவள்தான் போடுகிறாள்.

மகன் பிளஸ்ஸன் ஹப்சிகுடாவில் இருக்கிறான். ஸ்கூட்டரில் இருபது நிமிடம். தினமும் காலையில் போனில் கும்பிடுகிற கைகள் இரண்டு வந்து சேரும். ஆள் ஞாயிற்றுக்கிழமைதான்.

நான்கு மணிக்குக் குழு வந்தது. புதுத் தலைவி எவாஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் ஜெபித்தாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஆர்தர் தெளிவாக, சத்தமாக, "நக்கோ" என்றார். இரண்டு பெண்களுக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

பிறகு எவாஞ்சலின் பியூலாவின் கையைப் பிடித்தாள். "எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான் அக்கா. இப்பப் புரியாது, பிறகு புரியும்."

தன் குரலை ரெக்கார்டில் கேட்பதுபோல் பியூலாவுக்குக் கூசியது. சவரத்தில் வெட்டுப்பட்ட தாடையில் காகிதத் துணுக்கோடு படுத்திருந்தவரைப் பார்த்தாள். எந்த நல்லதுக்கு? டீத் தட்டை எடுத்து இவள் தலையில் கவிழ்த்தால் அதுவும் ஒரு நல்லதுக்குத்தானே?

வாசலில் செருப்பு மாட்டும்போது எவாஞ்சலின் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அடுத்த வியாழன் மல்லாபூர் போறோம். நம்ம சுப்ரியா இருக்கால்ல, அவ வீட்டுக்காரருக்கு மெஷின்ல நாலு விரல் போயிடுச்சு. யாரோடயும் பேச மாட்டேங்கறா. நீங்க வந்துதான் சொல்லணும். நாங்க சொன்னா நோட்டீஸ் படிக்கற மாதிரி இருக்கு. சார்கூட நம்மாளு ஒருத்தர் இருப்பாங்க."

"ராத்திரிக்குள்ள போன் பண்ணிச் சொல்லுதேன்," என்றாள் பியூலா.

முன்பென்றால் அப்போதே பையை எடுத்திருப்பாள். இன்று ராத்திரிவரை தள்ளிப்போட்டுவிட்டாள். அந்தப் பெண்ணிடம் போய் இதையா சொல்வது? இதில் ஒன்றும் இல்லையென்றால், இருபத்திரண்டு வருடமாக ஊர்க்காரர்களின் டீயைக் குடித்துவிட்டு வந்ததுதானா தன் ஊழியம்?

பக்கத்து வீட்டுச் சாந்தா, காலையில் இட்லி கொடுத்த டப்பாவைக் கேட்டு வந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் கணவர் நாராயணசாமி பஸ் மோதி இறந்தபோது முதலில் போனது பியூலாதான். மூன்று வாக்கியங்களையும் அவளிடம் சொன்னவள்.

"சாந்தா, ஒண்ணு கேப்பேன். மழுப்பாம சொல்லு. அன்னைக்கு நான் வந்து சொன்னது உனக்கு எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் நல்லதுக்குன்னீங்களே, அதுவா?"

"ஞாபகம் இருக்கா?"

"மறக்கற வார்த்தையா அக்கா அது? புருஷன் பஸ்ஸுல அடிபட்டுச் செத்து அஞ்சு மணி நேரம் ஆகல. உங்க வாயில கொள்ளிக்கட்டையச் சொருகணும்னு இருந்துச்சு."

பியூலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆர்தரின் முகத்தில் அசைகிற பாதி சிரித்தது.

"மூணு மாசம் உங்களத் திட்டினேன்," என்றாள் சாந்தா, டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டே. "காலையில எழுந்திருக்கவே பிடிக்காது. சரி, அந்தப் பியூலாவ நாலு வார்த்தை கேக்கணும்னு நினைச்சா கோவத்துல எழுந்துடுவேன். காபி போட்டுடுவேன். அப்படியே நாள் ஓடிடுச்சு."

"அப்ப நான் வராமலே இருந்திருக்கலாம்."

"கைக்கு? எதுக்குங்கறேன்? வராம இருந்திருந்தா அதுக்கும் திட்டியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரி, எட்டிக்கூடப் பார்க்கலன்னு. அது இன்னும் மோசமான திட்டா இருந்திருக்கும்."

"அப்ப அந்தச் சுப்ரியாகிட்டப் போயி நான் என்னதான் சொல்லட்டும்?"

மூடி ஆர்தரின் மருந்துச் சீட்டுக்கு அடியில் இருந்தது. சாந்தா அதை டப்பாவில் அழுத்தி மூடினாள். ஆர்தரின் தாடையில் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் எடுத்துப் பார்த்தாள், புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லேன், சாந்தா."

"என்ன சொன்னாலும் திட்டத்தான் செய்வா அக்கா, போய் வாங்கிட்டு வாங்க," என்று சாந்தா டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.