வினோதாவின் ரயில் பாட்டு

இலங்கை மலையகத்தில் இறம்பொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பழைய பங்களாவை விடுதியாக்கியபோது வினோதாவைச் சமையலறை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் பிசகியது. அதன்பிறகு கூடையோடு ஏறி இறங்க முடியவில்லை. பங்களாவுக்கு வந்த புதிதில் அந்தப் பளபளத்த மரத்தரையில் கால் வைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சுவரோரமாகவே போய் வந்தாள்.

வரவேற்பறையில் ஒரு ரெக்கோட் பிளேயரும், துரைமார் விட்டுப்போன இசைத்தட்டுகளும் இருந்தன. பெரும்பாலானவை குளிரிலும் ஈரத்திலும் வளைந்து போயிருந்தன. உருப்படியாக ஓடியது ஒன்றுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்காரர் நாலு பேர் போட்ட புளூஸ் ரொக் பாட்டுத் தட்டு. அட்டையில் அந்த நாலு பேரும் தோள் வரை முடி வளர்த்து, நனைந்த நாயொன்றோடு ஒரு கால்வாய்க் கரையில் நின்றார்கள். இப்படியொரு குழு இருந்ததே தெரியாது என்று தங்க வந்த வெள்ளைக்காரர்களே சொன்னார்கள்.

ஒருநாள் யாரோ அதை ஓடவிட்டுவிட்டுத் தோட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். வினோதா மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். சளி பிடித்த தொண்டையோடு எதிர்மலையிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். அது அவளுக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அடுத்த பாட்டில் மவுத் ஆர்கன் தொடங்கியதும் கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் பிறந்தது வட்டவளையில், தண்டவாளத்துக்குக் கீழே வரிசையாக இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில். ஏற்றத்தில் திணறிக்கொண்டு வரும் ரயில், வளைவில் ஒருமுறை நீளமாகக் கூவும். அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கி எழுந்து வளர்ந்தாள். கல்யாணமாகி இறம்பொடைக்கு வந்த நாளிலிருந்து எது குறைகிறது என்று தெரியாமலே அவளுக்கு ஏதோ குறைந்துகொண்டிருந்தது. இங்கே அருவி உண்டு, பஸ் உண்டு. ரயில் இல்லை. அன்று அந்தத் தட்டுக்குள்ளே ரயில் வந்தது.

தட்டைக் கீறாமல் முள்ளை வைக்கக் கற்றுக்கொண்டாள். விடுதி மெனேஜர் மதுரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளைவிட இளையவன். ஆள் இல்லாத மத்தியானங்களில் அவள் பாட்டுக் கேட்பதை அவன் ஒருநாளும் தடுக்கவில்லை. அந்தப் பாட்டோடு தலையை ஆட்டிக்கொண்டு அவள் ரொட்டிக்கு மா பிசைவதை, தங்க வந்த ஒரு பெண் போனில் படம்பிடித்து, இணையத்தில் போட்டு உலகத்துக்கே காட்டிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து மதுரன் போனும் கையுமாகச் சமையலறைக்கு வந்தான்.

“வினோதாக்கா, இங்க வாங்கோ. இங்கிலாந்திலயிருந்து ஒராள் உங்களோட கதைக்க வேணுமாம்.”

“என்னோடயா? நான் என்னங்க சேர் செஞ்சேன்?”

“நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. அந்தத் தட்டில மவுத் ஆர்கன் வாசிச்சது இவர்தானாம். வீடியோவைப் பாத்திட்டு எங்களைத் தேடிப் பிடிச்சிருக்கிறார்.”

போனில் தலையணையில் சாய்ந்தபடி ஒரு கிழவர் தெரிந்தார். தலையில் ஒரு முடிகூட இல்லை. அட்டைப்படத்து நாலு பேரில் இவர் யார் என்று வினோதா மனதுக்குள் தேடினாள். பெயர் டெரிக் என்றார். அவர் சொன்னதை மதுரன் தமிழில் சொன்னான். தட்டு வந்த கொஞ்ச நாளிலேயே குழு உடைந்துவிட்டதாம். பாடியவர் அவருடைய உயிர்ச் சிநேகிதராம், சின்ன வயதிலேயே செத்துப்போனாராம். அதற்குப் பிறகு இவர் அந்தத் தட்டைக் கேட்டதே இல்லையாம். அதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டார்.

“அந்த ரயில் பாட்டுதாங்க ரொம்பப் புடிக்கும்னு சொல்லுங்க சேர்.”

மதுரன் தயங்கினான். “அக்கா, அதில ரயில் எண்டு ஒரு சொல்லும் இல்லை. வாடகைக்கு இருந்தவனை வீட்டுக்காரன் வெளியில போகச் சொன்ன கதைதான் அது.”

“சொல்லு இல்லாம இருக்கலாங்க. ஆனா அது ரயில்தான். ஏத்தத்துல வர்ற ரயில்.”

மதுரன் அதை இங்கிலீசில் சொன்னான். கிழவர் தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னதைக் கேட்டு மதுரனின் குரலே இறங்கிவிட்டது. “அவர் சின்னனில ரயில் ரோட்டுக்குப் பக்கத்திலதான் இருந்தவராம். இரவில போற சாமான் ரயிலைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசிக்கப் பழகினாராம். பாடினவருக்கு மட்டும்தான் அது தெரியுமாம்.”

“எங்க வீடும் அப்படித்தாங்க,” என்றாள் வினோதா நேராகப் போனைப் பார்த்து. கண்ணைத் துடைத்த கையில் ஒட்டியிருந்த மா கன்னத்தில் அப்பியது.

பயம் போனதும் வாய் திறந்துவிட்டது. “அந்தத் தட்டுல ரெண்டாம் பக்கத்த மட்டும் கேக்கவே முடியலைங்க. தப்பா நெனைக்க வேணாம்னு சொல்லுங்க.”

“அதை நான் சொல்ல மாட்டன் அக்கா.”

“சும்மா சொல்லுங்க சேர்.”

அவன் சொன்னான். டெரிக் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, ஒரு தாதி ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டாள். மூச்சு வந்ததும் அவர் சொன்னார், தனக்கும் அந்தப் பக்கம் பிடிக்காதாம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினர் போன பிறகு அவர் கூப்பிடுவார். முதலில் மதுரன் கூடவே நின்று மொழிபெயர்த்தான். போகப்போக அவன் தேவைப்படவில்லை, போனை மட்டும் கொடுத்துவிட்டுப் போவான். வினோதா தட்டைப் போட்டு, போனை அதன் பக்கத்தில் சாய்த்து வைப்பாள். பாட்டு முடிந்ததும், “நல்லா இருக்கீங்களா?” என்பாள். அவர் தன் மொழியில் ஏதோ சொல்வார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. சில நாள் அவர் மவுத் ஆர்கனை எடுத்து மூச்சு இருக்கும் வரை ஊதிக் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இவள் ஏன் வீட்டுக்கு வரச் சுணங்குகிறாள் என்று பார்க்க, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் கணவன் சுதாகரன் ஒருநாள் குடையோடு வந்தான். அவள் அவனை இழுத்துப் போனுக்கு முன்னால் நிறுத்தினாள். துரை முன் நிற்பதுபோல விறைத்து நின்று, “குட் மோனிங் சேர்,” என்றான் அவன். அப்போது பொழுது சாய்ந்திருந்தது.

“அவரு துரை இல்ல. பாட்டுக்காரரு. உக்காருங்க,” என்றாள் வினோதா.

சுதாகரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டான். லயத்துக்கு இறங்கும் வழியில் அவளுக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தான். பாதித் தூரம் வந்த பிறகு, “அந்தாளு நல்லாத்தான் ஊதுறாரு. அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குக் கூப்புடுவாரு?” என்று கேட்டான்.