கால் வீங்குகிற குடும்பம்

செபஸ்தியம்மா நெடுந்தீவின் அரசாங்க மருத்துவிச்சி. ஆண்கள் ஓட்டும் சைக்கிளில்தான் போவார். தீவில் அலையும் காட்டுக் குதிரைகள் பாதையை மறித்தால் மணியடிப்பார். அவை அசையாது. அவரே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போவார். பிரஷர் பார்க்கும் பெட்டி பின் கரியரில் இருக்கும். பதினொரு வருடத்தில் அதை ஒருமுறைதான் விழுத்தியிருக்கிறார்.

எண்பத்து நான்கு ஆடியில் சத்தியபாமாவைப் பார்க்கப் போனார். ஏழு மாதம், தலைப்பிள்ளை. பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு. அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சூடாக்கினார். முட்டை வெள்ளைக்கருபோலத் திரண்டது. நாளைக்கே வள்ளம் ஏறி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

தாய் இலட்சுமிப்பிள்ளை சிரித்தார். சோளகக் காற்றில் கொந்தளிக்கிற கடலில் வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏற்றுவதா? தலைப்பிள்ளை இந்த வீட்டில்தான் பிறக்கும். தவிர, கால் வீங்குவது அவர்களுக்குப் பெருமை. மெலிந்த காலோடு பெற்றவளை அந்தக் குடும்பம் மதிப்பதில்லை.

"எங்கட ஆக்களுக்கு வீங்காட்டித்தான் மிஸி பயம்."

செபஸ்தியம்மா மறுக்கவில்லை. கதிரையை இழுத்து இருந்து, தேத்தண்ணி கேட்டார். இன்னும் யார் யாருக்கு வீங்கியது என்று விசாரித்தார். இலட்சுமிப்பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. தனக்கு முழங்கால்வரை. தாய்க்குக் கைக்காப்பைக் கழற்றவே முடியவில்லை. தங்கை அன்னபூரணத்துக்கு முகமும் சேர்த்து. குடும்பத்தில் அவளுக்குத்தான் ஆகக் கூடின வீக்கம்.

"அன்னபூரணம் இப்ப எங்க இருக்கிறா?"

இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணிப் பேணியைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிரசவத்தன்று பேய் பிடித்து உதறியது, பல் கிட்டிப்போனது, அன்றைக்கே போய்விட்டாள் என்றார்.

"அது பேயில்லை அக்கா. பிரஷர் ஏறி வலிப்பு வந்திருக்கு. உந்த வீக்கம் அதின்ர அடையாளம். உங்கட குடும்பத்தில வாற வருத்தம். தங்கச்சிக்கு வந்தது மகளுக்கும் வரலாம்."

இலட்சுமிப்பிள்ளை எழும்பி, வள்ளம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சத்தியபாமா யாழ்ப்பாணத்தில் எட்டாம் மாதமே பெற்றாள். பெடியன் மூன்றரை இறாத்தல். ஒன்றரை மாதம் கழித்துத்தான் தாயும் பிள்ளையும் ஊர் திரும்பினார்கள். இரண்டு பேரும் சுகம்.

இரண்டு வருடத்தில் இளைய மகள் மீனலோசனிக்கு மாதம் தவறியது. செய்தி அவளுடைய புருஷனுக்கு முந்தியே செபஸ்தியம்மாவுக்குக் கிடைத்தது. இலட்சுமிப்பிள்ளை பாதை நடுவில், குதிரைகளோடு குதிரையாக, மகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மணி அடியாதேங்கோ மிஸி, நான் விலக மாட்டன். முதல்ல பிரஷர் பெட்டியை இறக்குங்கோ."