அவர் என்னைக் கூப்பிடும் சொல்

என் கணவருக்கு எதையும் நேராகத் தொடங்கத் தெரியாது. மழை வருகிறது என்று சொல்வதற்குக்கூட "என்னெண்டா..." என்று ஓர் இழுவை இழுத்துவிட்டுத்தான் மழைக்கு வருவார். அதற்குள் கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் நனைந்துவிடும். உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்கால் பக்கம் அவருடைய பெயரைவிட அந்தச் சொல்தான் பிரபலம். கோடையில் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் அவர் கதைக்க எழும்பினால், பின்வரிசையிலிருந்து யாராவது அவருக்கு முதலே "என்னெண்டா" என்று சொல்லிவிடுவார்கள். கூட்டம் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் "என்னெண்டா..." என்றே தொடங்குவார்.

மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எல்லாருக்கும் ஒன்று இருக்கிறது. பக்கத்து வளவுக்காரியின் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியது. அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் வன்னியில்தான். ஆனாலும் அவள் வாயில் இன்னும் அவள் தாயின் பேச்சுத்தான். "அது வந்துங்க அக்கா" என்பாள். எது வந்தது, எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டுக் கிண்டல் செய்வேன். அவளும் சும்மா விடமாட்டாள். என் வாய் எதற்கெடுத்தாலும் "சொல்லி வேலையில்லை" என்னும். வெயில் எறித்தாலும் சொல்லி வேலையில்லை, கத்தரிக்காய்க் குழம்பு வாய்த்தாலும் சொல்லி வேலையில்லை. "சொல்லி வேலையில்லன்னு சொல்லிக்கிட்டே மணிக்கணக்கா சொல்லுவீங்க" என்று அவள் ஒருநாள் என்னை மடக்கினாள். உண்மைதான். எனக்கு அன்று முழுவதும் கோபம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் விறாந்தையில் பாயைப் போட்டுச் சரிவது என் வழக்கம். அந்த நேரம் வேலிக்கரையிலோ வாய்க்கால் கரையிலோ யாராவது நின்று கதைப்பார்கள். பாதித் தூக்கத்தில் விஷயம் என் காதில் ஏறாது. யாருடைய மாடு, எந்த வயல், எவருக்குக் கலியாணம் என்பதெல்லாம் கழன்று போய்விடும். "ஓம்... பின்னை... அதுதானே... பாருங்கோவன்..." என்பவை மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கேட்டபடி கிடப்பதில் எனக்கு ஒரு சுகம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில் அந்தச் சத்தமும் கூடக் கலக்கும். எது மனிதர், எது தண்ணீர் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது. உலகத்தில் யாருக்கும் யாரிடமும் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

அந்தத் தூக்கத்தைக் கலைக்கிற சொல் ஒன்றே ஒன்றுதான். "இஞ்சாரும்."

எங்கள் ஆட்களில் கணவன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. வாய்க்கு வராது, அவ்வளவுதான். அவர் என்னை "இஞ்சாரும்" என்பார், நான் அவரை "இஞ்சாருங்கோ" என்பேன். இங்கே பார் என்பதுதான் அதன் அர்த்தம் என்றாலும் அதைக் கேட்டு யாரும் எதையும் பார்ப்பதில்லை. தேத்தண்ணி வேண்டும் என்றாலும் அதுதான், வயலுக்குப் போகிறேன் என்றாலும் அதுதான், சும்மா நான் வீட்டில் இருக்கிறேனா என்று அறியவும் அதுதான். தாலி கட்டிய நாளிலிருந்து என் பெயர் அவர் வாயால் வந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகு ஊருக்கும் என் பெயர் தேவைப்படவில்லை. மூத்தவளின் அம்மா ஆனேன். பிறகு அக்கா, மாமி.

சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து போன காலத்தில் ஒருமுறை சனத்துக்குள் அவரைத் தவறவிட்டேன். வீதி முழுக்கச் சனம், சைக்கிள், லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின், ஆடு மாடு. எத்தனையோ ஆண்கள் எத்தனையோ பெண்களை "இஞ்சாரும், இஞ்சாரும்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சொல். ஆனாலும் ஒருத்தியும் பிழையான ஆளிடம் போகவில்லை. என்னுடையது எனக்குப் பின்னால், வலப்பக்கத்திலிருந்து வந்தது. திரும்பினேன், அவர் நின்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வெறும் சொல்லாக நினைத்ததில்லை.

போன காலபோக அறுவடை முடிந்து முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்த ஒரு காலையில் அவருடைய கையிலிருந்து கோப்பை விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை போகவில்லை. முகம் ஒரு பக்கம் கோணியது. பாரிசவாதம் என்றார்கள். உயிர் தப்பியது. கால் மெல்ல மெல்ல ஊன்றக்கூடியதாக வந்தது. பேச்சுத்தான் போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் கழித்து அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, தெள்ளத் தெளிவாக "என்னெண்டா..." என்றார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் மனிதரிடம்கூட "கதைச்சிட்டார், கதைச்சிட்டார்" என்றேன். பிறகு மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். மிச்சம் வரவில்லை. பழக்கத்தில் ஊறிய சொற்கள் சிலவேளை தப்பிவிடும் என்று டொக்டர் சொன்னார். நெல்லெல்லாம் வெள்ளத்தில் போய், சாக்கு மட்டும் மிஞ்சின கதையாகப் போயிற்று.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அந்த மிஞ்சியவற்றோடுதான் குடும்பம் நடத்தினோம். காலையில் அவரைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் நானும் இருப்பேன்.

"என்னெண்டா..." என்பார்.

"ஓம், சொல்லுங்கோ."

"பின்னை..."

"அதுதானே."

"விளங்குதோ?"

"விளங்குது, விளங்குது. சொல்லி வேலையில்லை."

"சரிதானே!" என்று முடிப்பார். இருவரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்போம். சத்தியமாகச் சொல்கிறேன், சில காலைகளில் நாங்கள் ஏதோ பெரிய விஷயம் ஒன்றைக் கதைத்து முடித்ததாகவே எனக்கு இருக்கும். பனி இறங்கியிருக்கும் நேரத்தில், முன்னால் வயல் எது வானம் எது என்று தெரியாத வெளிச்சத்தில், அந்த வெறும் சொற்கள் போதும் போல இருக்கும். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணனுக்கு நல்லா பேச்சு வந்துருச்சு போலருக்கே! அம்புட்டு நேரமா பேசுறீங்க!" என்றாள். நான் திருத்தவில்லை.

ஆனால் "இஞ்சாரும்" வரவில்லை. தப்பிய சொற்களில் அது இருக்கவில்லை. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர் கூட்டத்தில் எழும்பிக் கதைக்க வேண்டாம், மகளோடு ஃபோனில் கதைக்க வேண்டாம். என்னைக் கூப்பிட்டால் போதும். அதற்குப் பதிலாக அவர் கதிரைக் கையில் இடது கையால் தட்டுவார். டொக், டொக். நான் குசினியில் நிற்பேன், டொக் டொக் என்று கேட்கும். ஒருநாள் எனக்கு விசர் வந்துவிட்டது. "நான் என்ன கதவோ? தட்டித் திறக்கிறதுக்கு?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியில் போய் நின்று அழுதேன். அன்றைக்கு அவர் பிறகு தட்டவேயில்லை, தண்ணீர் விடாய்த்தபோதும்.

கிளிநொச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். வாரத்தில் ஒருநாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். நல்ல பிள்ளை. பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. படங்களைக் காட்டுவாள். கோப்பை, மாடு, சைக்கிள். அவர் "என்னெண்டா" என்று மாட்டைப் பார்த்துச் சொல்வார். ஒருநாள் என்னைக் காட்டி, "ஐயா, இவா ஆர்? பேர் என்ன?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் தன் காகிதத்தில் ஏதோ குறிக்கப் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, மறந்துபோனார் எண்டு போட்டிடாதேங்கோ. அவர் என்ரை பேரை ஒருநாளும் சொன்னதில்லை. இல்லாததை எப்பிடி மறக்கிறது?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப உங்களை என்னெண்டு கூப்பிடுறவர்?"

இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது. மெல்லச் சொன்னேன். அவள் தன் படக்கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"அன்ரி, அதுக்கு என்னட்டைப் படம் இல்லையே. கோப்பையைக் காட்டினா கோப்பை எண்டு சொல்லிக் குடுக்கலாம். 'இஞ்சாரும்' எண்டதுக்கு எதைக் காட்டுறது? தானா வந்தாத்தான் உண்டு. பேரெண்டா பழக்கலாம். நீங்களே பழக்குங்கோ."

அதனால் ஒவ்வொரு மத்தியானமும் என் வேலை, அவருக்கு முன்னால் இருந்து, நெஞ்சில் கையை வைத்து, என் பெயரை நானே சொல்வது. முதல் நாள் நாக்கு கூசியது. வீட்டுச் சுவருக்கே அந்தப் பெயர் புதிது. அம்மா செத்த பிறகு அதை யார் சொன்னார்கள்? ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வரிசைக்குக் கூப்பிடுகிறவர்கள் மட்டும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அது என்னைவிட்டுக் கழன்று போயிற்று. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும், நான் ஒருநாளும் போகாத ஊர் ஒன்றின் பெயர் மாதிரி இருந்தது. அந்த ஊரில் குளம் இருக்குமா, கோயில் இருக்குமா, யார் யார் இருப்பார்கள் என்று பகற்கனவு காண்பேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் எழுத்துக்கு உதட்டைக் குவிப்பார். வியர்க்கும். பிறகு "சரிதானே" என்று விட்டுவிடுவார். கிடக்கட்டும், எனக்கும் அந்தப் பெயர் வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். மற்றது வந்தால் போதும்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்த ஒரு நாள் பின்னேரம். அவரை விறாந்தையில் இருத்திவிட்டு, வாய்க்கால் கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவுக்காரியும் எனக்கு இரண்டு கல்லுத் தள்ளித் தோய்த்துக்கொண்டிருந்தாள். "அது வந்துங்க அக்கா" என்று தன் மருமகளின் கதையைத் தொடங்கியிருந்தாள். நான் வழக்கம்போலப் பாதிதான் கேட்டேன். "ஓம், ஓம்" என்றபடி, தண்ணீரில் போகும் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது யாரோ யாரையோ கூப்பிட்டது கேட்டது. கரகரத்த குரல், ஒரு பெண்ணின் பெயர். வயல்வெளியில் குரல்கள் எங்கிருந்தெல்லாமோ வரும். நான் நிமிரவில்லை. பாவம், யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சீலையைப் பிழிந்தேன்.

அவள் கதையை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன்தாங்க கூப்புடுறாரு. மாடு படலையத் தள்ளிக்கிட்டு ஒங்க தோட்டத்துக்குள்ள பூந்துருச்சு பாருங்க." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா யாரக் கூப்புடுறாரு? அது யாரு பேருங்க?"

ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இத்தனை வருஷம். ஒரே அடுப்பில்கூடச் சமைத்திருக்கிறோம். அவளுக்கு என் பெயர் தெரியாது. அவள் பெயர் எனக்கும் தெரியாது என்பது அந்த நேரம்தான் உறைத்தது.

அங்கே அவர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார். மறுபடியும் கூப்பிட்டார். முதல் எழுத்து உடைந்து, நடு எழுத்து வழுக்கி, ஆனால் என் பெயர்தான், முழுப் பெயர், ஊர் கேட்க. "இஞ்சாரும்" இனி வரப்போவதில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. அதற்காகவும் அழுகை வந்தது, இதற்காகவும் வந்தது. சீலை கையிலிருந்து நழுவித் தண்ணீரோடு போனது. அவள் எட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னும் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத்தான்," என்றேன். "அது நான்தான்."