சோமசேகரத்தின் முழங்காலும் ஒரு பை வாயுவும்

நோ, வலி என்று ஒன்று இனி உலகத்தில் இருக்கப்போவதில்லை. எலும்பு, நரம்பு, மூட்டு என்று பிரித்துப் பிரித்துப் படித்த டாக்குத்தர்மார் எல்லாரும் வேறு தொழில் பார்க்கலாம். நோ எண்ணெய் விற்கிறவர்கள் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம். கோப்பாயில் ஒரு சோடாக் கொட்டில் விறாந்தையில், சோடாவுக்குள் அடைக்கிற காபனீரொட்சைட்டு வாயுவைத் தோலில் பிடித்தே அந்த அலுவல் முடிக்கப்பட்டுவிட்டது. முடித்தவர் சோமசேகரம். நோயாளியும் அவர்தான். அதுவும் முழு ஆள் அல்ல, வலது முழங்கால் மட்டும்.

சோமசேகரத்துக்கு அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருசமாகச் சோடா அடிக்கிறார். தொடக்கத்தில் சைக்கிள் கரியரில் பெட்டி கட்டிக்கொண்டு கடை கடையாகப் போனவர், இப்போது லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் போகிறார். அதே கடைகள், அதே வேகம். வீடு கட்டவேண்டும், வெளிநாடு பார்க்கவேண்டும் என்ற ஆசை எதுவும் இல்லாத மனிதர். இரவில் புட்டும் மீன்குழம்பும் கிடைத்தால் அன்றைய கணக்குச் சரி.

ஒரே ஒரு விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். அம்மன் கோயில் தீர்த்தத் திருவிழாவில் சாமியைத் தோளில் காவுகிறபோது, வாகனத் தண்டின் முன் வலப்பக்கம் அவருடைய இடம். கேணிப் படியில் இறங்கும்போது சாமி முன்னுக்குச் சரியாமல் இருக்க, முன்னுக்கு நெட்டையர்கள்தான் தோள் கொடுக்கவேண்டும். சோமசேகரம் நெட்டை. பத்தொன்பது வருசமாக அந்த இடத்தில் வேறு தோள் பட்டதில்லை. அவரைவிட அரை அங்குலம் நெட்டையான முருகேசு பின்னுக்கு நின்று, பத்தொன்பது வருசமும் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்த வருசம் முழங்கால் வீங்கியது. டாக்குத்தர் மாத்திரை கொடுத்து, உடம்பைக் குறைக்கச் சொன்னார். உடம்பு குறையவில்லை. மாத்திரைதான் குறைந்தது.

முருகேசு வீட்டு வாசல் படலைக்கே வந்துவிட்டார். “அண்ணை, ஏலாட்டிச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்தானே.”

“ஓமடாப்பா. நான் செத்தால் சொல்லி அனுப்புறன்.”

ஆனால் முருகேசு போனபின், மூன்று படி ஏறுவதற்குச் சோமசேகரம் சுவரைப் பிடித்தார். பிடித்ததை மகள் வினோஜா பார்த்தாள். பதினேழு வயது. கணக்கில் இரண்டு தரம் கோட்டைவிட்டவள். ஊர்க் கோழிகளுக்கு நெற்றியில் பொட்டு வைத்துவிட்ட குற்றத்துக்காகத் தாய் உதயகலாவிடம் அன்றுதான் பேச்சு வாங்கியிருந்தாள்.

அந்த வாரம் ஜேர்மனியிலிருந்து உதயகலாவின் தம்பி சுரேஸ் வைபர் வீடியோவில் வந்தார். அங்கே மூட்டு நோவுக்காகப் போகிற இடத்தில் காலை ஈரமாக்கி, பையொன்றுக்குள் விட்டு, காபனீரொட்சைட்டை நிரப்பிக் கட்டிவிடுவார்களாம். அரை மணித்தியாலம். இரத்தம் ஓடுமாம், நோ குறையுமாம். காலைத் தூக்கியே காட்டினார்.

“உதுக்குக் காசு குடுத்தோ போறாய்?” சோமசேகரத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “என்ரை கொட்டிலுக்குள்ள ஒரு சிலிண்டர் நிக்குதடா!”

திருவிழாச் சோடா முழுவதும் அடித்துப் பெட்டியில் அடுக்கியாயிற்று. சிலிண்டரில் மிஞ்சிய வாயு முழங்காலுக்கு ஒதுக்கப்பட்டது. சீனி மூட்டைக்குள் வருகிற பொலித்தீன் பை, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய பட்டி, கொட்டில் யன்னலால் இழுத்த குழாய். அறைக்குள் மட்டும் வேண்டாம் என்றார் சோமசேகரம். இந்த வாயு கீழே தங்கி ஆளை மயக்கிவிடும், வெளி விறாந்தைதான் சரி.

முதல் நாள் எல்லாம் திறமாக நடந்தது, எறும்பு வரும்வரை. குழாய்க்குள் சோடாவுக்கு விடுகிற பழைய ரோஸ் சீனிப்பாணி ஒட்டிக்கிடந்திருக்கிறது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் உதயகலா, “கால் நல்லா மணக்குது. ஐஸ் போட்டுக் குடிக்கலாம்.”

குழாயைக் கழுவித் தொடர்ந்தார்கள். வினோஜாதான் கொட்டிலுக்குள் நின்று வாயுவைத் திறப்பாள், பூட்டுவாள். ஏழாம் நாள் சோமசேகரம் மூன்று படியையும் சுவர் பிடிக்காமல் ஏறி, ஊருக்கே கேட்கக் கூப்பிட்டார். “உதயகலா! வந்து பார்!” அவள் வருவதற்குள் இறங்கி, இன்னொரு தரமும் ஏறிக் காட்டினார்.

எட்டாம் நாள் வினோஜா திருகியபோது சிலிண்டர் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். முடிந்தது. அடுத்த சிலிண்டர் வர ஐந்து நாள் ஆகும். தீர்த்தத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

விறாந்தையில் அப்பா பைக்குள் காலை விட்டுக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரிக் காத்திருந்தார். வாயு முடிந்தது என்று சொன்னால் முழங்கால் அல்ல, மனம் மடங்கும். பின்னேரமே அவர் முருகேசுவின் வீட்டுப் படலையைத் தட்டி, ஏலாது என்று சொல்லிவிடுவார். வினோஜா சுற்றிவரப் பார்த்தாள். மூலையில் சைக்கிள் பம்ப் இருந்தது.

குழாயைப் பொருத்தி அடித்தாள். நூறு அடிக்குப் பிறகுதான் பை கொஞ்சம் நிமிர்ந்தது.

“என்ன பிள்ளை, உள்ளுக்கை மூச்சு வாங்குது?”

“கோழி கலைக்கிறன் அப்பா!”

மூன்று நாளும் கோழி கலைத்தாள். கை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. சோமசேகரம் கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா, என்ன சுகம்” என்றார்.

தீர்த்தத்தன்று காலை மேளம் முழங்க, முன் வலப்பக்கம் அவர் தோள் கொடுத்தார். கேணிக்குப் பதினொரு படி. வினோஜா எண்ணினாள். ஆறாவது படியில் அவருடைய கால் ஒரு கணம் நின்றது. பின்னால் முருகேசுவின் கழுத்து நீண்டது. சோமசேகரம் பல்லைக் கடித்துக்கொண்டு காலை வைத்தார். ஏழு. எட்டு. சாமி சரியவில்லை. தீர்த்தமாடித் திரும்பி மேலே வந்தபோது முருகேசுவே சால்வையால் அவருடைய முதுகைத் துடைத்துவிட்டு, “அடுத்த வருசம் பாப்பம் அண்ணை,” என்றார்.

அன்னதானப் பந்தலில் தகப்பனும் மகளும் மோர் குடித்தார்கள்.

“நோகுதோ அப்பா?”

“நோகுதுதான். அது கிடக்கட்டும்.”

ஊர் வாசிகசாலை மலருக்கு அப்பாவைப் பற்றி எழுதித் தருவதாக வினோஜா ஒப்புக்கொண்டிருந்தாள். சைக்கிள் காற்றால் ஒரு பெரிய மனிதரை ஏமாற்றிச் சாமி காவவைத்த கதையை எங்கே தொடங்கலாம் என்று யோசித்தாள். தன்பாட்டில் சிரிப்பு வந்தது.

“என்ன இளிப்பு?”

“ஒண்டுமில்லை. உங்கடை வாயுவை நினைச்சன்.”

“எதை? கடைசி மூண்டு நாளும் நீ பம்பாலை அடிச்சதையோ?”

வினோஜாவின் மோர்க் குவளை வாயருகிலேயே நின்றது.

“உண்மையான வாயு எண்டால் பையை அவிழ்க்கேக்கை மூக்கிலை சுள்ளெண்டு ஏறவேணும் பிள்ளை. நீ அடிச்சதிலை றப்பர் மணமெல்லோ வந்தது. இருபத்தாறு வருசம் சோடா அடிக்கிறவனுக்கோ கதை விடுறாய்?”

“அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

“வாய் திறந்தால் நீ நிப்பாட்டிப்போடுவாய். எங்கடை வினோஜா, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை செய்யிறாளே எண்டு பம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தன். நீ அவ்வளவு பாடுபட்டாப்பிறகு நான் எப்பிடி முருகேசுவிட்டைப் போய் ஏலாது எண்டு சொல்லுறது?”

வினோஜா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

“என்ன, கண் கலங்குது?”

“அடுப்புப் புகை அப்பா.”

சோமசேகரம் அடுப்பைப் பார்த்தார்.

“புகை அங்காலையெல்லோ போகுது,” என்றார்.